ரோப் வரைக்கும் ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவன் ஒன்றை எடுத்துக்கொண்டு, தென் ஆஸ்திரேலியாவில் ரோப் என்கிற ஊருக்குப் போகிறோம் என்று சொன்னதும் மெல்பர்னில் தெரிந்தவர்கள் எல்லாரும் வழியைப் பற்றிக் கேட்டார்கள். எடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. புறப்படுவதற்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் ஓடியதெல்லாம் எடைக் கணக்குதான். எங்கள் கார் 2,000 கிலோ வரை இழுக்கும். வாடகைக்கு எடுத்த கேரவன், உள்ளே ஏற்றும் சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து 1,800 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதன் தகட்டிலேயே அடித்திருக்கிறது. வெறும் வண்டியே 1,450 கிலோ. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 80 கிலோ போய்விடும். கேஸ் சிலிண்டர், மடக்கு நாற்காலி, கரண்ட் ஒயர், தண்ணீர்க் குழாய் எல்லாம் தனி. மிச்சம் இருப்பதில்தான் நான்கு பேருக்குத் துணி, படுக்கை, அரிசி, பருப்பு. இந்த நிலைமையில் அத்தை கிரைண்டரை எடுத்து வைக்கச் சொன்னார்.

அத்தை தென்காசியிலிருந்து வந்திருந்தார். கேரவன் என்றால் அவருக்குத் தெரிந்தது ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் ஏசி வண்டி. அதனால் முதலில் பெரிய மரியாதையுடன்தான் உள்ளே ஏறினார். ஏறியவர் அடுப்பைத் திறந்து பார்த்தார், குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார், கடைசியில் ஒரு ஒடுக்கமான கதவைத் திறந்தார். "ஏம்மா, கக்கூஸா இது? அடுப்புக்கு இவ்வளவு பக்கத்துலயா?" அதோடு மரியாதை இறங்கிவிட்டது. அந்தக் கழிப்பறையின் அடியில் ஒரு பெட்டி இருக்கிறது, நிறைந்ததும் வெளியிலிருந்து உருவி எடுத்துப்போய்க் கொட்ட வேண்டும் என்று என் கணவர் விளக்கப்போய் விஷயம் இன்னும் மோசமாயிற்று. பயணம் முடியும்வரை அத்தை அந்தக் கதவைத் தொடவில்லை. கேரவன் பார்க்குகளில் இருக்கும் பொதுக் குளியலறைகளைத்தான் பயன்படுத்தினார். அவை எங்கள் வீட்டுக் குளியலறையைவிடச் சுத்தம் என்பது அவருடைய தீர்ப்பு. எனக்கு அதில் மறுப்பு இல்லை.

கிரைண்டர் வரவில்லை. அதற்குப் பதில் மாவு வந்தது. முதல் நாள் ராத்திரியே அரைத்து, மூடி போட்ட பெரிய வாளியில் ஊற்றி, காரின் முன்சீட்டில் என் கால்மாட்டில் வைத்துக்கொண்டோம். ஏப்ரலில் மெல்பர்ன் குளிருக்கு மாவு லேசில் புளிக்காது. ஹீட்டர் காற்று நேராகக் காலில் அடிக்கும் இடம் அதுதான். முதல் ராத்திரி தங்க வேண்டிய அரராட் ஊருக்குப் போய்ச் சேரும்போது வாளி மூடியைத் தூக்கிக்கொண்டு மாவு நின்றது.

கேரவன் என்றாலே சுதந்திரம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம், மனம்போன போக்கில் போகலாம் என்று விளம்பரங்களில் சொல்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். கேரவனை இழுத்துக்கொண்டு நினைத்த இடத்தில் எல்லாம் நிறுத்த முடியாது. காபி குடிக்க ஓர் ஊரில் ஒதுங்குவதென்றால்கூட, நீளமான வண்டிகளுக்கு இடம் எங்கே, அங்கிருந்து முன்பக்கமாகவே வெளியே வர முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கனமான சாமானைப் பின்னால் வைத்தால் வேகம் கூடும்போது கேரவன் வாலை ஆட்டத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அதனால் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் சக்கரத்துக்கு நேர் மேலே. கொக்கியின் மேல் இறங்கும் பாரம் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்க வேண்டும். ஓடும்போது கேரவனுக்குள் யாரும் உட்காரக் கூடாது, அது சட்டம். உள்ளே படுத்துக்கொண்டே வரலாம் என்று கனவு கண்ட என் மகளுக்கு அது முதல் ஏமாற்றம்.

ஆனாலும் வீட்டோடு நகர விரும்புகிற ஆட்களுக்கு இதைவிட நல்ல வாகனம் கிடையாது. மாமனார் மாமியாரை மோட்டலில் தங்கவைத்து மூன்று வேளையும் ரொட்டி சாப்பிடவைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ரோப் தென் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கடலோரத்தில் இருக்கிற சின்ன ஊர். குளிர்காலத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர், கோடை விடுமுறையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அங்கே என் கல்லூரித் தோழி இருக்கிறாள். பாளையங்கோட்டையில் ஒரே ஹாஸ்டலில் இருந்தவர்கள் நாங்கள். அவள் நர்ஸ். பக்கத்து ஊரான கிங்ஸ்டனில் முதியோர் இல்லத்தில் வேலை. அவள் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ரோப்பில் ஒரு மோட்டல் சமையலறையில் இருக்கிறார். மெல்பர்னிலிருந்து நேராக அடித்தால் ஒரே நாளில் போய்விடலாம். நாங்கள் போனது அப்படி இல்லை. எங்கள் வேகம் 90, அத்தையின் முழங்காலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நடை.

மெல்பர்னின் மேற்குப் புறத்திலிருந்து பல்லாரட் போகும் நெடுஞ்சாலையில், பாக்கஸ் மார்ஷ் தாண்டியதும் பெரிய ஏற்றம் ஒன்று வரும். காரில் தனியாகப் போகும்போது அது ஏற்றம் என்றே தெரிந்ததில்லை. பின்னால் ஒன்றே முக்கால் டன் தொங்கும்போது தெரிந்தது. இடப்பக்கம் ஒதுங்கி லாரிகளோடு லாரியாக ஊர்ந்தோம். அங்கேதான் எதிரில் வந்த இன்னொரு கேரவன்காரர் எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். யாரோ தெரிந்தவர் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் எல்லாரும் அசைக்கிறார்கள். கேரவன் இழுக்கிறவர்களுக்குள் அது வழக்கமாம். என் கணவர் முதலில் கூச்சப்பட்டார். பியூஃபர்ட் வருவதற்குள் எதிரில் வரும் குதிரை வண்டிக்குக்கூட, அதாவது குதிரை ஏற்றிப்போகும் டிரெய்லருக்குக்கூட, கை காட்டிக்கொண்டிருந்தார்.

அரராட்டில் முதல் இரவு. தோசை சுட்டோம். பக்கத்து இடத்தில் நின்ற வயதான தம்பதிக்கு நாலு தோசை போயிற்று, பதிலுக்கு எலுமிச்சைப் பழம் ஒரு பை வந்தது. அந்தப் பழத்தின் கதை பின்னால் வருகிறது.

அரராட்டில் பார்க்க வேண்டியது கம் சான் என்கிற சீனப் பாரம்பரிய மையம். 2001-இல் திறந்தது, தென் சீனக் கட்டடப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். மகள் அங்கே தட்டில் மணலை அலசித் தங்கம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் உள்ளே இருந்த பலகைகளைப் படித்தேன். எங்கள் பயணமே அதற்கப்புறம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

1851-இல் மெல்பர்ன் இருக்கிற விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. உலகம் முழுக்க ஆட்கள் வந்தார்கள், சீனாவிலிருந்தும் வந்தார்கள். சீனர்கள் அதிகம் வருகிறார்கள் என்று கூச்சல் எழுந்து, 1855-இல் விக்டோரியா ஒரு சட்டம் போட்டது. கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி. கப்பலின் பத்து டன் கொள்ளளவுக்கு ஒரு சீனரைத்தான் ஏற்றி வரலாம். கப்பல்காரர்கள் வழி கண்டுபிடித்தார்கள். விக்டோரியாவில் இறக்கினால்தானே வரி? எல்லைக்கு அந்தப் பக்கம் தென் ஆஸ்திரேலியாவில் இறக்கிவிட்டால்? அப்படி அவர்கள் தேர்ந்த துறைமுகம் ரோப். 1857-ஐ ஒட்டிய காலத்தில் சுமார் 16,000 சீனர்கள் அங்கே இறங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் குவாங்டாங் பகுதி ஆண்கள், ஹாங்காங்கில் கப்பல் ஏறியவர்கள். இறங்கிய இடத்திலிருந்து தங்க வயல்களுக்கு நடந்தார்கள். நானூறு கிலோமீட்டருக்கு மேல். வாரக்கணக்கில். அப்படி நடந்து வந்த ஒரு கூட்டம் 1857-இல் வழியில் தங்கத்தைக் கண்டு தங்கிவிட்ட இடம்தான் அரராட். சீனர்கள் தொடங்கிவைத்த ஊர் என்று இன்றைக்கும் அது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

அதாவது, அவர்கள் ரோப்பிலிருந்து நடந்து வந்த பக்கமாகத்தான் நாங்கள் ரோப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், தலைகீழாக.

அத்தைக்கு இதைத் தமிழில் சொன்னேன். தோளில் காவடி மாதிரி மூங்கில் கட்டி, இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு, அரிசி, பாத்திரம், படுக்கை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரிசையாக நடக்கும் ஆட்களின் படத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "நடந்தேவா வந்திருக்காவ? திருச்செந்தூருக்கு நடக்கவனுக்கு வழியெல்லாம் மோர்ப் பந்தல் இருக்கும். இவுகளுக்கு யாரு இருந்திருப்பா?" வழிகாட்டுவதாகக் காசு வாங்கிக்கொண்டு பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு என்று அங்கே போட்டிருந்தது. அதையும் சொன்னேன். "அது எல்லா ஊர்லயும் உண்டு" என்றார்.

எங்கள் கிலோ கணக்கை அதற்கப்புறம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அரராட்டிலிருந்து தெற்கே இறங்கினால் வலப்பக்கம் கிராம்பியன்ஸ் மலை கூடவே வரும். கரிவெர்ட் என்பது அதன் பழைய பெயர். 2024 டிசம்பரில் பற்றிய தீ அங்கே வாரக்கணக்கில் எரிந்தது. யூகலிப்டஸ் மரங்கள் கரிக்கட்டையாக நிற்கின்றன, ஆனால் தண்டிலிருந்தே நேராகப் பச்சைத் துளிர்கள் கொத்துக்கொத்தாகக் கிளம்பியிருக்கின்றன. மரத்துக்கு உடம்பெல்லாம் முடி முளைத்த மாதிரி இருக்கிறது என்றாள் மகள். தீயில் கிளை போனால் பட்டைக்கு அடியில் தூங்கும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும் என்று பள்ளியில் படித்ததை ஆச்சிக்கு விளக்கினாள். ஆச்சிக்குப் புரிந்த தமிழில் பாதி, அவளுக்கு வந்த தமிழில் பாதி.

டன்கெல்டில் மலை முடிகிறது. அதற்கு மேற்கே ஹாமில்டன், கோலரெய்ன் என்று செம்மறி ஆட்டு நாடு. ஏப்ரலில் புல் வெளுத்துப் போயிருக்கும். பெரிய சிவப்பு கம் மரங்கள், அதுவும் யூகலிப்டஸ் வகைதான், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும். அழகுதான். ஆனால் மணிக்கணக்கில் அதே அழகு. இந்தப் பகுதியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. பின்சீட்டில் இருவரும் தூங்கிவிட்டார்கள்.

காஸ்டர்டனில் இரண்டாவது இரவு, கிளனெல்க் ஆற்றங்கரையில். கெல்பி என்கிற ஆட்டு நாய் இனம் பிறந்த ஊர் அது. கடைத்தெருவில் நாய்க்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு அங்கே வேலை நாயோடு இல்லை, மிளகாயோடு.

விஷயம் இதுதான். தென் ஆஸ்திரேலியாவுக்குள் பழ ஈ வந்துவிடக் கூடாது என்று அந்த மாநிலம் மிகக் கறாராக இருக்கிறது. ஈ முட்டையிடக் கூடிய காய் பழம் எதையும் விக்டோரியாவிலிருந்து பச்சையாகக் கொண்டுபோகக் கூடாது. பிடிபட்டால் அபராதம். பழ ஈக்கு நம் சமையலறை மேல் தனிப் பிரியம்: தக்காளி, கத்தரிக்காய், பச்சை மிளகாய், மாங்காய், எலுமிச்சை. தோழிக்கென்று மெல்பர்ன் இந்தியக் கடையில் வாங்கிய ஒரு கிலோ பச்சை மிளகாய் எங்களிடம் இருந்தது. அரராட் தம்பதி கொடுத்த எலுமிச்சையும் இருந்தது. சாலையோரத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகலாம் என்றார் என் கணவர். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார்.

சமைத்துவிட்டால் கொண்டுபோகலாம் என்பது விதி. எனவே அன்று ராத்திரி அந்தச் சின்ன அடுப்பில் நல்லெண்ணெய் காய்ந்தது. மிளகாயும் தக்காளியும் புளியும் சேர்த்துத் தொக்கு. எலுமிச்சையை வேகவைத்து நறுக்கி உப்பு, மிளகாய்ப்பொடி போட்டு ஊறுகாய். கத்தரிக்காய் முழுவதும் அன்றைக்கே எண்ணெய்க் குழம்பு. மிளகாய் நெடியில் கேரவனுக்குள் ஒருவரும் நிற்க முடியவில்லை. கூரை ஜன்னல், பக்க ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டு, குளிரில் போர்வை போர்த்திக்கொண்டு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் கேரவனில் நாய் தும்மியது. ஒரு கெல்பியின் சொந்த ஊரில் இப்படி நடந்ததற்காக எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

காஸ்டர்டனிலிருந்து பெனோலா போகும் சாலையில் நம்மைவிடப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். இருபுறமும் பைன் தோட்டங்கள், நீலக் கம் தோட்டங்கள். நடுவில் மரக்கட்டை ஏற்றிய நீள லாரிகள். எதிரில் ஒன்று வந்து கடக்கும்போது முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். கேரவன் அதைவிட அரை நொடி தாமதமாக ஆடும். அத்தை ஒவ்வொரு தடவையும் "முருகா" என்றார். என் கணவர் வேகத்தை 80-க்கு இறக்கிவிட்டார். பின்னால் வரிசை சேர்ந்தால், ஒதுங்க இடம் வரும்போதெல்லாம் ஒதுங்கி வழி விட்டோம்.

எல்லை தாண்டியதும் கடிகாரத்தை அரை மணி பின்னால் வைக்க வேண்டும். அத்தைக்கு இதில் பெரிய சந்தோஷம். மெல்பர்னில் இருந்தவரை இந்தியாவில் மணி என்ன என்று பார்க்க நாலரை மணி நேரத்தைக் கழிப்பது அவருக்குத் தீராத தலைவலி. இங்கே சரியாக நாலு. இந்த எல்லைக்கே ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 141-ஆம் தீர்க்கரேகைதான் எல்லை என்று லண்டனில் முடிவு செய்தார்கள். 1847-இல் அளக்க வந்தவர்களின் கோடு ரேகையிலிருந்து மூன்றரை கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே விழுந்துவிட்டது. விக்டோரியாவுக்கு லாபம். இரண்டு மாநிலங்களும் பல வருஷம் சண்டை போட்டு, கடைசியில் 1914-இல் மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் தவறான கோடே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. ஊரில் வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

பெனோலாவில் கொஞ்ச நேரம். ஆஸ்திரேலியாவின் முதல் புனிதரான மேரி மெக்கிலப் 1866-இல் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர். காசு இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தொடங்கிய பள்ளி. பழைய கல் கட்டடம் இன்னும் இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றப் போன அத்தையைத் தடுத்து உள்ளே கூட்டிப்போனேன்.

பெனோலாவிலிருந்து ரோப் வரை நிலம் வரிவரியாக இருக்கிறது. நீளமான மேடு, அப்புறம் தட்டையான பள்ளம், மறுபடி மேடு. ஒவ்வொரு மேடும் ஒரு காலத்துக் கடற்கரை. நிலம் மெல்ல உயர உயர, கடல் பின்வாங்கும்போதெல்லாம் ஒரு மணல்மேட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. மேடுகள் கரைக்கு இணையாகக் கிடப்பதால் மழைநீர் கடலுக்குப் போக வழியின்றிப் பள்ளங்களில் தேங்கி, பகுதியே சதுப்பாக இருந்ததாம். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து வாய்க்கால் வெட்டி வெட்டித்தான் மேய்ச்சல் நிலம் ஆக்கியிருக்கிறார்கள். இப்போது நேர்கோடாக ஓடும் அந்த வாய்க்கால்களின் மேல் தார்ச் சாலையில் போகிறோம். அந்தச் சீனர்கள் இறங்கியபோது இதெல்லாம் சேறு. கப்பலை விட்டு இறங்கியதும் முதலில் மிதித்தது இதைத்தான்.

ரோப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். தோழி வீட்டுக் கொல்லையில் சரளைக்கல் போட்ட இடம் கேரவனுக்காக ஒதுக்கியிருந்தது. ஆனால் அங்கே பின்பக்கமாகத்தான் போக வேண்டும். கேரவனைப் பின்னால் தள்ளுவதில் ஒரு கோளாறு, அது இடப்பக்கம் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். அண்ணன் பின்னால் போய் நின்றுகொண்டார். சங்கரன்கோவில் டவுன் பஸ் கண்டக்டர் குரல் அப்படியே வந்தது. "வரலாம், வரலாம், வரலாம்... லெஃப்ட்ல ஒடி... ஒடிச்சு வா... ஹோல்டேய்ன்!" கடைசியில் கேரவனின் பக்கவாட்டில் பட்பட்டென்று இரண்டு தட்டு. அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் எல்லாரும் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். வண்டி உள்ளே போனதும் கை தட்டினார்கள்.

தோழியும் அண்ணனும் ரோப்புக்கு வந்ததற்குக் காரணம் விசா. 491 என்று ஒரு விசா இருக்கிறது. ஐந்து வருஷத்துக்குத் தருவார்கள். பெருநகரங்களுக்கு வெளியே வாழ வேண்டும், அங்கேயே வேலை பார்க்க வேண்டும். அப்படி மூன்று வருஷம் ஓட்டிக் காட்டினால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கலாம். இந்தக் கணக்கில் சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றும்தான் பெருநகரம். பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் இருக்கும் அடிலெய்டே நாட்டுப்புறம்தான். அவர்கள் அடிலெய்டுக்கே போயிருக்கலாம். ஆனால் முதலில் வேலை என்று கடிதம் வந்தது கிங்ஸ்டனிலிருந்து, வாடகைக்கு வீடு கிடைத்தது ரோப்பில். கடல் இருக்கும், மீன் கிடைக்கும், போவோம் என்று வந்துவிட்டார்கள்.

ஒரு சட்டம் ஆட்களை எந்தக் கரையில் கொண்டுபோய் இறக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்குப் பத்து பவுண்டு வரி, இன்றைக்கு மூன்று இலக்க விசா. இரண்டையும் ஒன்றென்று சொல்லவில்லை. இவர்கள் வேலைக் கடிதத்தோடு விமானத்தில் வந்தவர்கள், அவர்கள் அலையில் நனைந்துகொண்டு படகிலிருந்து இறங்கியவர்கள். ஆனாலும் ரோப் கடற்கரையில் நின்றுகொண்டு அதை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. தோழியிடம் சொன்னேன். "எங்களை யாரும் நடக்கவிடலையே, அதுவரைக்கும் சரி" என்று சிரித்தாள்.

அந்தக் கடல் லேசுப்பட்டதில்லை. அதற்குக் கிச்சன் குடா என்று பெயர். நமக்குச் சமையலறை ஞாபகம் வந்தாலும், அது பிரெஞ்சுக் கடலோடி போதேன் 1802-இல் வைத்த பெயர். 1857-இல் மட்டும் சில கப்பல்கள் அங்கே உடைந்தன. ஜூனில் ஒரு டச்சுக் கப்பல், சீனப் பயணிகளை எல்லாம் பத்திரமாக இறக்கிவிட்ட பிறகு, புயலில் கரை ஒதுங்கி உடைந்து மாலுமிகளில் பதினாறு பேர் இறந்துபோனார்கள். ஊர் முனையில் பாறைமேல் சிவப்பு வெள்ளைப் பட்டையோடு ஒரு தூண் நிற்கிறது. கப்பல்களுக்கு அடையாளமாக 1855-இல் கட்டியது. ஆபத்தில் இருக்கும் கப்பலுக்குக் கயிறு கட்டிய ராக்கெட் எய்து ஆட்களைக் காப்பாற்றுவார்களாம், அந்த ராக்கெட்டுகளை அதற்குள் வைத்திருந்தார்கள். இப்போது அடிப்பாறையைக் கடல் அரித்துக்கொண்டு வருவதால் கிட்டே போக முடியாதபடி வேலி போட்டிருக்கிறார்கள். ஒருநாள் விழத்தான் போகிறது.

சீனர்கள் இறங்கியதற்கு நினைவுக்கல் ஒன்றும் இருக்கிறது. 2017-இல் அவர்களுடைய வழித்தோன்றல்கள் சிலர் ரோப்பிலிருந்து மெல்பர்ன் நாடாளுமன்றம் வரை நடந்தே வந்தார்கள். அப்போதைய விக்டோரியா பிரிமியர், அதாவது மாநில முதல்வர், டேனியல் ஆண்ட்ரூஸ் அந்த வரிக்காகப் படியில் நின்று மன்னிப்புக் கேட்டார். தென் ஆஸ்திரேலியாவும் பெரிய யோக்கியம் இல்லை. கொஞ்ச காலம் சீனர்களை இறக்கிக் காசு பார்த்துவிட்டு, 1857 முடிவதற்குள் தானும் அதே மாதிரி வரி போட்டது. அதோடு கப்பல்களும் நின்றன.

ஊரின் இன்றைய பிழைப்பு சிங்கி இறால். முன்பெல்லாம் ஆஸ்திரேலியச் சிங்கியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சீனாவுக்குத்தான் போகும். 2020 நவம்பரில் சீனா வாங்குவதை நிறுத்தியது. மீனவர்கள் படகுத் துறையிலேயே உள்ளூர்க்காரர்களுக்கு விற்ற காலம் அது. அண்ணன் சிங்கி சமைக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். 2024 கடைசியில் சீனா மறுபடி வாங்கத் தொடங்கியது, விலை ஏறிவிட்டது. மீனவர்களுக்கு நல்லது, எங்களுக்கு நஷ்டம் என்றார் அண்ணன். அப்படியும் எங்களுக்காக இரண்டு வாங்கி வைத்திருந்தார். ஓட்டோடு பிளந்து, சின்ன வெங்காயமும் மிளகும் இடித்துப் போட்டு வதக்கினார். அத்தை அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சாப்பிடவில்லை. எங்கள் காஸ்டர்டன் தொக்கைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு, "மிச்சம் இருக்கா?" என்றார்.

லாங் பீச் என்று பதினேழு கிலோமீட்டர் கடற்கரை, மணலிலேயே கார் ஓட்டலாம். அண்ணனின் ஜீப்பில் அத்தையை முன்சீட்டில் வைத்துக் கூட்டிப்போனோம். டயர் காற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டுத்தான் மணலில் இறங்க வேண்டும். திருச்செந்தூர்க் கடலில் கழுத்தளவு நின்று குளிக்கும் அத்தை இங்கே கணுக்கால் வரை கூட இறங்கவில்லை. தண்ணீர் அவ்வளவு குளிர். அண்டார்டிகாவுக்கும் இதற்கும் நடுவில் வேறு நிலமே இல்லை என்று மகள் சொன்னாள். "அதான் சொல்லுதேன், என்னத்துக்கு எறங்கணும்" என்றார் அத்தை.

தோழிக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை வந்துவிட்டது. இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம். மெல்பர்ன் வந்துவிடு, பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாம் பக்கத்தில் என்று நான் ஒவ்வொரு போன் பேச்சிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அந்த ராத்திரி நேரில் சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் அவள் பார்த்துக்கொள்ளும் பாட்டிகளில் ஒருவர் அவளிடமிருந்து ரசம் வைக்கக் கற்றுக்கொண்டு, மகன் வரும்போதெல்லாம் தன் கைப்பக்குவம் என்று பீற்றிக்கொள்கிறாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கறிவேப்பிலைச் செடியைக் கடற்காற்றுக்குப் பயந்து தொட்டியில் வைத்து, ராத்திரியானால் கராஜுக்குள் தள்ளுகிறாள். அது இடுப்பளவு வளர்ந்திருக்கிறது.

திரும்பும்போது தெற்கு வழி. ரோப்பிலிருந்து பீச்போர்ட் போகும் சாலையில் வோக்வைன் வெட்டு என்று ஓர் இடம். சதுப்பை வடிக்க ஒரு விவசாயி, ஒரே ஒரு உதவியாளோடும் ஒரு டிராக்டரோடும் 1957-இல் தொடங்கி, மூன்று வருஷத்தில் ஒரு குன்றையே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்திருக்கிறார். ஆழம் கிட்டத்தட்ட 30 மீட்டர். அந்த டிராக்டரும் அங்கேயே நிற்கிறது. மவுண்ட் காம்பியர், போர்ட்லாந்து, ஹேவுட் என்று வந்தோம். ஹேவுட் பக்கத்தில் புட்ஜ் பிம். குண்டிச்மாரா என்கிற பழங்குடி மக்கள் எரிமலைக் கற்களை அடுக்கி விலாங்கு மீனுக்கு வாய்க்கால் கட்டிய இடம். 6,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது, 2019-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதற்கு ஒருநாள் தனியாக வர வேண்டும், கேரவன் இல்லாமல். கிரேட் ஓஷன் ரோடு பக்கம் போகவே இல்லை. அந்த வளைவுகளில் கேரவனை இழுத்துக்கொண்டு, பின்னால் இருபது கார்களின் சாபத்தை வாங்கிக்கொள்ள எங்களுக்குத் தெம்பு இல்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்தக் கழிப்பறைப் பெட்டியைக் கொட்டிக் கழுவும் வேலை என் கணவருடையது. கேரவனைக் கழற்றிய பிறகு காரில் ஏறி உட்கார்ந்தால் கார் பறப்பது போல இருந்தது. வீட்டு வாசலில் 18 அடி வண்டி நிற்குமா என்று அன்றைக்கே டேப் வைத்து அளந்தார். நிற்காது, பக்கத்து வீட்டுக்காரரின் வழியை அடைக்கும். வேலியை நகர்த்தலாமே என்கிறார் அத்தை.